பழைய கொள்ளிடக் கரை ஊர்களில் முதலை: ஆபத்து எவ்வளவு, படித்துறைக்கு என்ன செய்யலாம்?

தில்லைவாசி:
சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடக் கரையில் இருக்கும் ஊராட்சிக்காகப் படித்துறைப் பாதுகாப்பு பற்றி மனு ஒன்று தயாராகிறது. அதில் போட சரியான தகவல் வேண்டும். ஊரில் இரண்டு கட்சி. "அமெரிக்காவில் வீட்டுப் புல்வெளியிலேயே அலிகேட்டர் படுத்துக் கிடக்கு, அவங்க பாட்டுக்கு நடந்து போறாங்க, நாமதான் அலறுறோம்" என்கிறது ஒன்று. "ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டு போகணும்" என்கிறது இன்னொன்று. உண்மையில் ஆபத்து எவ்வளவு? எந்த மாதத்தில், எந்த இடத்தில்? வேலி போட்டால் நிற்குமா? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

நீர்விலங்கியல்:
புல்வெளிக் கதையை முதலில் முடித்துவிடலாம். அலிகேட்டர் என்பது முதலைக்கு உறவான வேறு இனம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மட்டும் சுமார் 13 லட்சம் அலிகேட்டர்கள் இருக்கின்றன. 1948 முதல் 2022 வரை, யாரும் சீண்டாமல் நடந்த கடி 450 சொச்சம். அதில் இறந்தவர்கள் 26 பேர். இதைப் பார்த்தால் சாதுவான விலங்கு மாதிரித் தெரியும். ஆனால் அந்த ஊரில் யாரும் ஆற்றில் இறங்கித் துணி துவைப்பதில்லை, எருமை குளிப்பாட்டுவதில்லை, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதோடு, 4 அடிக்கு மேல் இருக்கும் அலிகேட்டர் ஒன்று ஆளுக்கோ வளர்ப்புப் பிராணிக்கோ தொல்லை என்று புகார் வந்தால் உரிமம் பெற்றவரை அனுப்பிப் பிடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள், வேறு இடத்தில் கொண்டுபோய் விடுவதில்லை. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் இப்படிப் போகிறது. அலிகேட்டருக்குத் தீனி போடுவதே அங்கே சட்டப்படி குற்றம்.

உடம்பு அளவிலும் வித்தியாசம் உண்டு. தண்ணீர் 21 டிகிரிக்குக் கீழே போனால் அலிகேட்டருக்குப் பசி குறைந்துவிடும், 13க்குக் கீழே கிட்டத்தட்ட மடங்கிக் கிடக்கும். கொள்ளிடத்துத் தண்ணீர் அந்தக் குளிருக்குப் போவதில்லை. அதனால் நம்மூர் முதலைக்கு "இந்த மாதம் சாப்பிடாது" என்று ஓய்வு மாதம் கிடையாது. மார்கழி, தை காலையில் அதிக நேரம் வெயில் காயும், அவ்வளவுதான்.

நம்மிடம் இருப்பது சதுப்பு நில முதலை. மூக்குப் பகுதி அகலமாக இருப்பதால் படத்தில் பார்த்து அலிகேட்டர் என்று நினைப்பவர்கள் உண்டு. வாயை மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தால் முதலை, சந்தேகமே வேண்டாம். மனிதர்களைத் தாக்கிய பதிவுகளில் உப்புநீர் முதலை, ஆப்பிரிக்காவின் நைல் முதலை இரண்டுக்கும் அடுத்த இடம் இதற்குத்தான். அந்த இரண்டின் அளவுக்கு மூர்க்கம் இல்லை. ஆனால் அலிகேட்டர் கணக்கை இதற்குப் போட்டுப் பார்ப்பது ரொம்பத் தப்பு.

வீச்சுவலை:
பிச்சாவரத்தில் உப்புநீர் முதலை இருக்குன்னு சுற்றுலாப் படகில் கதை விடுறாங்களே, அது?

நீர்விலங்கியல்:
இப்போது தமிழ்நாட்டுக் கரையில் உப்புநீர் முதலைக் கூட்டம் எங்கும் இல்லை. இந்தியாவில் ஒடிசா பிதர்கனிகா, சுந்தரவனம், அந்தமான் என்று பார்க்கலாம். சதுப்பு நில முதலை ஓரளவு உவர்நீரைத் தாங்கும். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு கழிமுகப் பக்கம் ஒன்றிரண்டு வரலாம், அங்கே தங்கிக் குடும்பம் நடத்தாது.

கொள்ளிடத்தார்:
தில்லைவாசி தம்பி, மனுவில் "முதலை நடமாட்டம் உள்ளது" என்று ஒரு வரி எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்தத் துறை, எந்த மாதம், எவ்வளவு நீளம் என்று எழுதணும். அதற்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி, பங்குனி இரண்டும் முட்டை காலம். பிப்ரவரியில் ஆரம்பித்து ஏப்ரல் வரை, தண்ணீர் குறைந்து மணல் திட்டு வெளியே தெரியும்போது, பெண் முதலை கரையில் குழி தோண்டி 25, 30 முட்டை இடும். பொரிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், வைகாசி ஆனிக்குள் குஞ்சு வெளியே வந்துவிடும். இந்த நாலைந்து மாதமும் தாய் முதலை குழியை விட்டு அதிக தூரம் போகாது. ஆடு மேய்க்கும் பிள்ளைகள் திட்டில் ஓடி விளையாடுவதும் இதே கோடை விடுமுறையில்தான்.

இன்னொன்று, குஞ்சைக் கையில் எடுக்கவே கூடாது. ஒரு சாண் நீளம்தான் இருக்கும், பார்க்க ஓணான் மாதிரி இருக்கும், "க்வாக் க்வாக்" என்று கத்தும். அந்தச் சத்தத்துக்குத் தாய் மட்டும் வராது, பக்கத்தில் இருக்கும் மற்ற பெரிய முதலையும் வரும். செல்போனில் படம் எடுக்கக் குஞ்சைத் தூக்குகிறவனுக்கு இது தெரிவதில்லை.

அடுத்தது வெள்ளம். மேட்டூர் உபரி நீர் கொள்ளிடத்தில் திறந்துவிடும் நாளிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் முதலை ஓரிடத்தில் நிற்காது. வாய்க்கால், வடிகால், வயல், கொல்லைக் குட்டை எங்கும் ஏறும். காலையில் மாட்டுக் கொட்டகையில் முதலை என்று செய்தி வருவதெல்லாம் இந்தக் காலத்தில்தான். ஆனால் வயலில் ஏறி நிற்கும் முதலை ஆளைத் தேடி வந்ததல்ல, வழி தப்பியது. ஆபத்து அதைச் சுற்றிக் கூட்டம் கூடும்போதுதான் ஆரம்பிக்கும்.

மூன்றாவது கோடைப் பள்ளம். மணல் அள்ளிய பள்ளத்தில் மட்டும் தண்ணீர் மிஞ்சியிருக்கும். மீனும் அங்கே, முதலையும் அங்கே, குளிக்க வருகிற ஆளும் அங்கே. என்னைக் கேட்டால் ஆண்டு முழுவதிலும் மோசமான இடம் இதுதான். வெள்ளத்தைப் பார்த்து பயப்படுகிற ஊர், சித்திரையில் இடுப்பளவு பள்ளத்தைப் பார்த்து பயப்படுவதில்லை.

வீச்சுவலை:
கொள்ளிடத்தார் அண்ணன் சொன்ன பள்ளத்தில் கையால் இறால் தடவுறது இருக்கே, அதை மனுவில் தனியாப் போடுங்க. உட்கார்ந்த வாக்கில் கழுத்து வரை தண்ணியில, ரெண்டு கையும் அடியில துழாவிக்கிட்டே போறது. தலை மட்டும் வெளியே. முதலைக்கு அது ஆள் மாதிரியே தெரியாது. வலை வீசுறவன் நின்னுக்கிட்டு வீசுறான், கரையில இருந்தும் வீசலாம். கை தடவுறதுக்கு அந்த வழியே இல்ல.

வலையில் மாட்டிய மீனைத் தண்ணியிலேயே கோர்த்து இடுப்பில் கட்டிக்கிட்டு நிக்கிறதும் அதே கதைதான். மீன் துடிக்கிறது தூரத்துக்குத் தெரியும். பிடிச்ச மீன் கரையில கூடைக்குப் போகணும்.

நீர்விலங்கியல்:
வீச்சுவலை சொன்னது சரி. முதலையின் தாடை ஓரத்திலும் உடம்புச் செதிளிலும் கருப்புப் புள்ளி மாதிரி உணர்வு முண்டுகள் இருக்கும். தண்ணீரில் ஏற்படும் சின்ன அதிர்வையும் அவற்றால் கண்டுபிடிக்கும். அலிகேட்டருக்கு இது தாடைப் பக்கம் மட்டும், முதலைக்கு உடம்பெங்கும். கலங்கல் தண்ணீர், இருட்டு எதுவும் அதற்குத் தடையில்லை.

துணி துவைக்கும் அம்மாக்கள் விஷயமும் இதே மாதிரிதான். படிக்கட்டின் கடைசிப் படியில் குந்தி உட்கார்ந்தால் தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும் முதலைக்கு ஒரு நாய், ஒரு ஆடு உயரம்தான். அடித்துத் துவைக்கும் சத்தம் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். 3 மீட்டர் முதலைக்கு மறைய முழங்கால் அளவு கலங்கல் தண்ணீர் போதும். மூச்சை அடக்கிக்கொண்டு கால் மணி நேரம் சாதாரணமாக அடியில் கிடக்கும். "அரை மணியாகப் பார்க்கிறேன், ஒன்றும் தெரியல" என்பதை நம்பி இறங்கக் கூடாது.

கடியின் பலம் பற்றி ஒரு வரி. உப்புநீர் முதலையில் அளந்தது 16,000 நியூட்டனுக்கு மேல். சதுப்பு நில முதலைக்கு அதைவிடக் குறைவு, மனிதக் கை காலுக்கு அந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனால் வாயைத் திறக்கும் தசை ரொம்பச் சாதாரணம். அதனால்தான் பிடித்த முதலையின் வாயை சைக்கிள் டியூப்பால் கட்டிவிட முடிகிறது.

தில்லைவாசி:
கரையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தால் கோபம் என்கிறார்கள். வளைந்து வளைந்து ஓடினால் தப்பிக்கலாம் என்றும் சொல்கிறார்கள்.

நீர்விலங்கியல்:
வாயைத் திறந்து வைப்பது பெரும்பாலும் உடல் சூட்டைச் சமன்படுத்த. கோபம் என்றால் உடம்பை ஊதி "உஸ்ஸ்" என்று சீறும், வால் வளையும். வளைந்து ஓடுவது வீண், நேராக ஓடுங்கள். நிலத்தில் முதலை சில மீட்டர் பாயும், துரத்திக்கொண்டு வராது. தண்ணீரிலிருந்து எகிறி வரும் அந்த முதல் பாய்ச்சல்தான் விஷயம். நீர் விளிம்பிலிருந்து 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று ஆஸ்திரேலியாவில் சொல்லிக்கொடுப்பது அதற்காகத்தான். அதாவது படித்துறையின் கடைசி நாலு படிதான் உங்கள் மனுவின் விஷயமே.

கொள்ளிடத்தார்:
துறையில் முதலை இருக்கிறதா என்று பார்க்கும் முறை. இருட்டிய பிறகு கரை மேலே, தண்ணீரை விட்டுத் தள்ளி நின்று, டார்ச்சை உங்கள் கண் மட்டத்தில் நெற்றியோடு பிடித்துத் தண்ணீர் மேல் மெதுவாக ஓட்டுங்கள். இடுப்பில் பிடித்தால் கண் மினுக்கம் திரும்பி உங்கள் கண்ணுக்கு வராது. முதலைக் கண் தணல் மாதிரி சிவப்பாகத் தெரியும். தவளை, சிலந்தி எல்லாம் பச்சை, வெள்ளையாக மினுக்கும். பகலில் கரைச் சேற்றில் வயிறு சறுக்கிய தடம், அதன் இரண்டு பக்கமும் கால், நடுவில் வால் இழுத்த கோடு. முன்னங்காலில் ஐந்து விரல், பின்னங்காலில் நாலு, சவ்வோடு. காய்ந்த எச்சம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். கரையில் நீர் மட்டத்தை ஒட்டி அரை வட்ட வாயோடு பொந்து இருந்தால் அதன் மேல் நடக்காதீர்கள், மண் உள்வாங்கும்.

நீளம் சொல்ல வேண்டுமானால், தலை நீளத்தை ஏழால் பெருக்குங்கள், கிட்டத்தட்ட வரும். தலை ஒரு முழம் இருந்தால் 3 மீட்டர் முதலை. 2 மீட்டருக்கு மேல் போனால் பெரிய ஆளுக்கும் ஆபத்து, அதற்குக் கீழே குழந்தைக்கும் ஆட்டுக்கும்.

மடைத்தலைப்பு:
வேலி பற்றி. இலங்கையில் நில்வளா கங்கை என்ற ஆற்றில் குளிக்கும் துறையைச் சுற்றி முதலைத் தடுப்புக் கூண்டு கட்டுகிறார்கள். கரையிலிருந்து ஆற்றுக்குள் அரை வட்டமாக, நெருக்கமாக நட்ட கம்பங்கள். மரத்தில் ஆரம்பித்து இரும்புக்கு வந்தார்கள். நம்மிடம் செய்வதானால் நான் சொல்வது இது:

கம்பம் 2 அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், 1.5 மீட்டருக்கு ஒன்று, ஆற்றுப் படுகையில் குறைந்தது 1 மீட்டர் இறங்கணும். இடையில் 12 மிமீ கம்பி செங்குத்தாக, இடைவெளி 10 செமீக்குள். படுக்கைவாட்டில் கம்பி போடாதீர்கள், அது முதலைக்கு ஏணி. அடிப்பகுதியைத் தரைக்குக் கீழே 60 செமீ புதைக்கணும், ஏனென்றால் இந்த முதலை தோண்டுகிற ஜாதி. மேல் விளிம்பு சாதாரண நீர் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர்.

நைலான் வலை, கோழி வலை எதுவும் வேண்டாம். வெங்காயத்தாமரை வந்து அப்பிக்கொள்ளும், தண்ணீர் அழுத்தத்தில் மொத்த வேலியும் சாயும், முதலை அதில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்தால் வழக்கு வேறு. வேலி விழுவதற்கு முதல் காரணம் முதலை இல்லை, குப்பை. மேல் நீரோட்டப் பக்கம் ஆற்றுக்கு 45 டிகிரி சாய்வில் ஒரு தடுப்பு வரிசை போட்டால் தாமரை ஒதுங்கிப் போகும். கழிமுகத்துக்குக் கிட்டே உவர் ஏறும் ஊர்களில் ஜிஐ சீக்கிரம் துருப்பிடிக்கும், வெல்டு வைத்த இடம்தான் முதலில் போகும். அங்கே முன்வார்ப்புக் கான்கிரீட் கம்பம் நல்லது.

வீச்சுவலை:
வெள்ளத்துல வேலி மேல தண்ணி போச்சுன்னா முதலை உள்ளே வந்துடும். தண்ணி வடிஞ்சப்புறம் வெளியே போக வழியில்லாம உள்ளேயே கிடக்கும். அப்போ வேலிதான் பொறி.

மடைத்தலைப்பு:
ஆமாம், நிறைய பேர் மறக்கிற இடம் அது. ஆற்றுப் பக்கம் 1 மீட்டர் அகலத்துக்கு மேலே தூக்கும் கதவு ஒன்று வேண்டும், மதகுப் பலகை மாதிரி. வெள்ளம் வடிந்ததும் கதவைத் தூக்கி இரண்டு இரவு விட்டுவிடணும். மூன்றாம் நாள் டார்ச் பார்த்து, நீளக் கழியால் உள்ளே முழுக்கத் துழாவி, பிறகு கதவை இறக்கணும். அதுவரை துறை பூட்டு. யார் பொறுப்பு என்று ஊராட்சித் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

கொள்ளிடத்தார்:
வேலி கட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே கோழிக் கழிவைக் கொட்டினால் பயனில்லை. கறிக்கடைக் கழிவு, செத்த கன்று, கல்யாண மண்டப எச்சில், எல்லாம் ஆற்றில். முதலை அந்த இடத்தையும் நேரத்தையும் பழகிக்கொள்ளும். புளோரிடாவில் தீனி போடுவது குற்றம் என்று மேலே சொன்னாரே, நாம் மூட்டை மூட்டையாகப் போடுகிறோம்.

தில்லைவாசி:
மொத்தமாகப் பிடித்துவிடும் யோசனை? பிடித்ததை சிதம்பரம் பக்கத்து வக்காரமாரி ஏரியில்தான் விடுகிறார்கள்.

நீர்விலங்கியல்:
நல்ல இடம் காலியானால் அடுத்த முதலை அங்கே வரும். தூரமாகக் கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வரும் குணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் மூன்று உப்புநீர் முதலைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி இடம் மாற்றி விட்டார்கள், ஒன்றை 400 கிமீக்கு மேல். மூன்றும் பழைய இடத்துக்கே திரும்பின. வக்காரமாரி அந்தத் தூரத்தில் கால்வாசிகூட இல்லை, மழைக்காலத்தில் வாய்க்கால் வழி வேறு திறந்து கிடக்கும்.

வீச்சுவலை:
அப்போ ஆள் போனாலும் பரவாயில்லையா சார்? பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஒரே துறையில ஒரே முதலை திரும்பத் திரும்ப ஆடு தூக்கினா அதைப் பிடிச்சே ஆகணும்.

நீர்விலங்கியல்:
அந்த ஒன்றைப் பிடிக்க வேண்டும், மறுப்பே இல்லை. அதையும் ஏரியில் விடாமல் அடைப்புக்குக் கொண்டுபோக வேண்டும். ஆஸ்திரேலியாவில் டார்வின் துறைமுகப் பகுதியில் ஆண்டுக்கு 200க்கு மேல் பிடிக்கிறார்கள், அதனால்தான் நகரத்தை ஒட்டிய நீரில் சாவு குறைவு. ஆனால் அதை விடாமல் ஆண்டுதோறும் செய்கிறார்கள். ஒரு தடவை பிடித்துவிட்டு "முதலை இல்லாத ஊர்" என்று பலகை வைத்தால், மறு வருடம் ஜனங்கள் பயமில்லாமல் இறங்குவார்கள். அது இன்னும் மோசம்.

நீதிமன்றச்சாலை:
சட்டத்தை நான் சொல்லிவிடுகிறேன். முதலை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. கொன்றால், பிடித்தால், முட்டையை எடுத்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதம் தனி. உயிரைக் காப்பாற்ற, தன்னுடையதோ பக்கத்தில் இருப்பவருடையதோ, நல்லெண்ணத்தில் தாக்கியது குற்றமாகாது, பிரிவு 11(2). ஆனால் கரையில் சும்மா கிடந்ததைக் கல்லால் அடித்துவிட்டு இதைச் சொல்ல முடியாது. தொல்லை தரும் முதலையைப் பிடிக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளர் உத்தரவு வேண்டும். அதனால் ஊராட்சித் தீர்மானம், தாக்குதல் நடந்த தேதி வாரியான பட்டியல், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை மூன்றும் வனச்சரகத்துக்குச் சேர்ந்தே போகட்டும். உயிரிழப்பு என்றால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் இழப்பீடு நகராது. ஆடு மாடு என்றால் உடலை அப்புறப்படுத்தும் முன் கால்நடை மருத்துவர் சான்று.

கொள்ளிடத்தார்:
வனத்துறை வருவதற்குள் ஊரார் கழுத்தில் சுருக்குப் போட்டு மின்கம்பத்தில் கட்டி வைத்து, மணிக்கணக்கில் வெயிலில் இழுத்துக்கொண்டு கிடப்பது வழக்கமாகிவிட்டது. முதலைக்கு நீண்ட போராட்டம் தாங்காது. ரத்தத்தில் அமிலம் ஏறி, விட்டுவிட்ட பிறகும் சாகும். வயலில் ஏறியதைக் கண்டால் ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள், தண்ணீர்ப் பக்கம் வழியை மறிக்காதீர்கள், பெரும்பாலும் இருட்டியதும் தானே போய்விடும். பிடித்தே ஆகவேண்டிய நிலையில் வனத்துறையினர் செய்வது: ஈரச் சாக்கைக் கண் மேல் போட்டு, பிறகு வாய்க்கட்டு, பிறகு கால். மூக்குத் துளை மட்டும் திறந்திருக்கணும். வாலை மறந்துவிடுகிறார்கள், ஆள் காலை முறிப்பது அதுதான்.

பாண்டி அவசரப்பிரிவு:
கடி விழுந்தால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன்.

பிடித்துக்கொண்டிருக்கும்போது: கண்ணில் விரலை விட்டுக் குத்துங்கள், மூக்கு நுனியில் அடியுங்கள். கை முழுக்க வாய்க்குள் போய்விட்டால் தொண்டை அடியில் இருக்கும் மடிப்பைப் பிடித்து இழுங்கள், அதுதான் தண்ணீர் உள்ளே போகாமல் அடைத்திருக்கிறது. "முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா" என்று சொன்னாலும், தற்காப்புக்காகக் கடித்தது உடனே விடும், இரையாகப் பிடித்ததும் பிடியை மாற்ற ஒரு நொடி தளர்த்தும். அந்த நொடியில் கரைக்கு. கரையில் இருப்பவர் தண்ணீரில் குதிக்காமல் கழி, கயிறு, புடவை நீட்டட்டும்.

கரைக்கு வந்ததும் ரத்தம் பீறிடும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து உடல் எடையோடு அழுத்துங்கள். நிற்கவில்லையென்றால் காயத்துக்கு மேலே, மூட்டில் இல்லாமல், நாலு விரல் அகலத் துண்டால் கழி வைத்து முறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை நெற்றியில் எழுதுங்கள். மெல்லிய கயிறு, ஒயர் வேண்டாம். எலும்பு நொறுங்கியிருக்கும் என்றே வைத்துக்கொண்டு பலகையோடு சேர்த்துக் கட்டி 108. மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.

மருத்துவமனையில்: பல் பட்ட துளை வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழம் அதிகம், ஆற்றுக் கிருமியும் முதலை வாய்க் கிருமியும் சேர்ந்தே போயிருக்கும். அதில் ஏரோமோனாஸ் என்ற கிருமி முக்கியமானது, சாதாரண அமாக்சிசிலின் அதைப் பிடிக்காது. அதனால் லிட்டர் கணக்கில் சலைன் ஊற்றிக் கழுவி, செத்த சதையை அகற்றி, தையல் போட்டு மூடாமல் திறந்தே விடுவது வழக்கம். எக்ஸ்ரேயில் பல் துண்டு பார்க்கணும், டெட்டனஸ் ஊசி கட்டாயம். வெறிநாய்க்கடி ஊசி தேவையில்லை, ஊர்வனவற்றுக்கு ரேபிஸ் வராது. சின்னத் துளைதானே என்று வீட்டில் இருந்துவிட்டு மூன்றாம் நாள் கால் வீங்கி வருவதுதான் கையை, காலை எடுக்க வேண்டிய நிலைக்குப் போகும்.

தில்லைவாசி:
மிக்க நன்றி டாக்டர், எல்லோருக்கும் நன்றி. மனுவில் கோடைப் பள்ளம், கை இறால், கோழிக் கழிவு மூன்றையும் தனித்தனிப் பத்தியாகப் போடுகிறோம். மடைத்தலைப்பு சார், ஒரே ஒரு சந்தேகம். வேலி கரையில் எங்கே முடிய வேண்டும்? சித்திரையில் தண்ணீர் பத்து அடி உள்ளே போய்விடும்.

மடைத்தலைப்பு:
அரை வட்டத்தின் இரு முனையும் வெள்ள மட்டக் குறிக்கு மேலே கரையில் 3 மீட்டர் ஏறி முடியணும், இல்லையென்றால் முதலை கரை வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும். ஆற்றுப் பக்கம் வளைவு சித்திரைத் தண்ணீரிலும் இடுப்பளவு ஆழம் இருக்கும் இடத்தைத் தொடணும். அவ்வளவு தூரம் கட்டப் பணம் போதாது என்றால் ஆற்று வேலியை விட்டுவிட்டு, அதே பணத்தில் கரை மேலே ஒரு கைப்பம்பு, துவைக்கும் கல் நாலு, மாட்டுத் தொட்டி ஒன்று போடச் சொல்லி எழுதுங்கள்.

வீச்சுவலை:
தொட்டிக்குத் தண்ணி ரொப்ப ஆள் யாருன்னும் தீர்மானத்துல எழுதுங்க தம்பி.